உடைந்த கால்வாய் லாக்: இப்போதே மூடுவதா, குளிர்காலம் வரை ஓட்டுவதா?

கோடையின் நடுவில், படகுகள் நெரியும் ஒரு கால்வாயில், படகை ஏற்றி இறக்கும் தொட்டியான லாக்கின் கீழ்க்கதவு மூட மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே ஏறிக்கொண்டிருந்த படகின் பின்புறம் கதவின் குறுக்குச் சட்டத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டது. தண்ணீர் ஏற ஏறப் படகும் ஏறியது. கதவும் கூடவே எழும்பி, அது சுழலும் அடிமுனையான குடுமி அதன் குழியை விட்டு வெளியே வந்துவிட்டது. இரண்டு பக்கமும் படகுகள் சேர ஆரம்பித்துவிட்டன. கால்வாயைப் பராமரிப்பவர்கள் முன்னால் இப்போது இருக்கும் கேள்வி: லாக்கை மூடி வேலையை இப்போதே முடிப்பதா, ஒட்டுப்போட்டு, குளிர்கால வேலைகள் தொடங்கும் நவம்பர் வரை ஓட்டுவதா?

படகுக்காரர்களைக் கேட்டால் பாதிப் பேர் "உடனே செய்யுங்கள்" என்பார்கள், மீதிப் பேர் "இப்போது மூடவே கூடாது" என்பார்கள். யார் எந்தப் பக்கம் மாட்டியிருக்கிறார், எத்தனை நாள் விடுமுறையில் வந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது அது. எனக்கு இந்த இரண்டு பதிலுக்கும் முன்னால் தெரிய வேண்டியது வேறு ஒன்று. உடைந்தது எது?

லாக் என்பது மேட்டு நீருக்கும் பள்ளத்து நீருக்கும் நடுவே, இரண்டு முனையிலும் கதவு வைத்த ஒரு தொட்டி. படகு உள்ளே வந்ததும் கதவைச் சாத்தி, ஷட்டரைத் திறந்து தண்ணீரை நிரப்பினால் படகு ஏறும், வடித்தால் இறங்கும். சீனப் பெருங்கால்வாயில் சியாவ் வெயுவே என்ற அதிகாரி 984-இல் அமைத்த இரட்டைக்கதவுத் தொட்டிதான் பதிவில் உள்ளவற்றில் மிகப் பழையது. மேல்நீரைப் பார்த்து அம்பு முனைபோல் கூடும் கதவு ஜோடி இத்தாலியில் 15-ஆம் நூற்றாண்டில் வந்தது. மிலான் கால்வாய்க்காக லியோனார்டோ டா வின்சி வரைந்த படம் இன்றும் இருக்கிறது. அந்த வடிவத்தில் ஒரு சாமர்த்தியம் உண்டு. தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ, கதவு அவ்வளவு இறுக்கமாகச் சாத்திக்கொள்ளும். ஆனால் அதற்கு மூன்று இடங்கள் ஒழுங்காகப் பொருந்த வேண்டும்: இரண்டு கதவும் சந்திக்கும் விளிம்பு, சுவர்க் குழிவில் சுழலும் குடுமித் தூண், அடியில் கதவு மோதி நிற்கும் வாசற்படி. இந்த மூன்றோடு பக்கச் சுவரையும் சேர்த்துக்கொண்டால், லாக்கில் கெட்டுப்போகக்கூடியது பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்.

பலகையும் விளிம்பும் ஒழுகுவது பார்க்கப் பயங்கரமாக இருக்கும்; பெரும்பாலும் அவசரம் இல்லை. இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓக் மரக் கதவு ஏறத்தாழ 20 முதல் 25 ஆண்டு உழைக்கும், கடைசிச் சில ஆண்டுகளில் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். கதவுக்கு மேல்பக்கம் தண்ணீரில் சாம்பலையும் மரத்தூளையும் கொட்டினால் ஓட்டமே அதை இழுத்துக்கொண்டுபோய் இடுக்கில் அடைத்துவிடும். கால்வாய்க்காரர்களின் பழைய கைவைத்தியம் இது. சில வாரம் தாங்கும்.

ஒழுகலில் பிரச்சினை கதவைவிடத் தண்ணீருக்குத்தான். இங்கிலாந்தின் குறுகிய லாக் ஒன்று ஏறத்தாழ 22 மீட்டர் நீளம், 2.1 மீட்டர் அகலம். நீர்மட்ட வித்தியாசம் இரண்டரை மீட்டர் என்றால், ஒரு முறை வடிக்கும்போது சுமார் 1 லட்சத்து 15 ஆயிரம் லிட்டர் கீழே போகிறது. கதவு இடுக்கில் நொடிக்கு ஒரு வாளி, அதாவது 10 லிட்டர், ஒழுகினால் ஒரு நாளைக்கு 8 லட்சத்து 64 ஆயிரம் லிட்டர். ஏழு முறைக்கு மேல் லாக்கை வடிக்கும் தண்ணீர், யாரும் லாக்கைத் தொடாமலேயே போய்விடுகிறது. மழை பெய்யும் ஆண்டில் இது கவலை இல்லை. வறண்ட ஆகஸ்டில், மேலே உள்ள நீர்த்தேக்கம் பாதியாக இறங்கியிருக்கும்போது, இதே ஒழுகல் மொத்தக் கால்வாயையும் மூட வைக்கும். அதனால் ஒழுகும் கதவை எவ்வளவு நாள் தள்ளிப்போடலாம் என்பதற்குக் கதவை மட்டும் பார்த்தால் போதாது, மேலே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

குடுமி கழன்ற கதை, நாம் ஆரம்பத்தில் பார்த்தது, நேர் எதிர். பார்க்கக் கதவு முழுசாக இருக்கும். ஆனால் ஒருமுறைகூட அதை இயக்கக் கூடாது. நல்ல செய்தி என்னவென்றால், இதற்குப் புதுக் கதவு தேவையில்லை. கப்பியோ கிரேனோ வைத்துத் தூக்கி, அடிக்குழியில் சேர்ந்த கல்லையும் சகதியையும் எடுத்துவிட்டு, திரும்ப உட்கார வைத்தால் போதும். குடுமியோ குழியோ உடையாமல் இருந்தால் இது ஓரிரு நாள் வேலை. இங்கே "நவம்பர் வரை ஓட்டலாமா" என்று கூட்டம் போட்டுப் பேசும் நேரத்தில் வேலையே முடிந்துவிடும்.

வாசற்படிதான் எனக்குப் பயம் தருவது. கண்ணுக்குத் தெரியாது, எப்போதும் தண்ணீருக்கு அடியில் கிடக்கும். இறங்கும் படகு பின்னால் நகர்ந்து மேல்கதவின் வாசற்படிமேல் உட்கார்ந்துவிட்டால், தண்ணீர் வடிய வடிய மூக்கு கீழே இறங்கும், பின்புறம் அங்கேயே தொங்கும். நிமிடங்களில் படகு மூழ்கும். லாக் சுவரில் வெள்ளைக்கோடு போட்டு எச்சரிப்பது இதற்காகத்தான். அப்படி அடிபட்டோ, வயதாகியோ வாசற்படி பெயர்ந்தால் தண்ணீர் கதவுக்கு அடியில் புகுந்து தரையை அரிக்க ஆரம்பிக்கிறது. சாம்பலும் மரத்தூளும் இங்கே பலிக்காது. மேலே நின்று பார்த்தால் கொஞ்சம் குமிழி வருவதுபோல இருக்கும். அடியில் மண் போய்க்கொண்டிருக்கும். வாசற்படி சந்தேகம் என்றால் தள்ளிப்போடுவது என்ற பேச்சே வேண்டாம்.

சுவர் இரண்டு வகை. திடீரென்று கல் பெயர்ந்து விழுந்தால் மூடத்தான் வேண்டும். மெதுவாக உள்ளே சாய்ந்துகொண்டு வரும் சுவரோடு பல ஆண்டு குடித்தனம் நடத்தலாம். இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் உள்ள ஹர்ல்ஸ்டன் லாக்குகள் இதற்கு நல்ல சாட்சி. நான்கு லாக் கொண்ட இந்தப் படிக்கட்டுதான் லான்கோலன் கால்வாய்க்கு ஒரே வாசல். 1805-இல் திறந்த, யுனெஸ்கோ பட்டியலில் 2009-இல் ஏறிய பொன்ட்கசல்தே நீர்ப்பாலம் இந்தக் கால்வாயில்தான் இருக்கிறது. கீழ் லாக்கின் சுவர்கள் உள்நோக்கி நகர்ந்து, அகலம் குறைந்து, பழைய சரக்குப் படகுகள் சில உள்ளே சிக்கிக்கொண்டன. நேர்த்தியான புதுப் படகுகள் போய் வந்தன. வயதில் கொஞ்சம் உப்பிய படகுகள் வெளியே நின்றன. கடைசியில் 2019–20 குளிர்காலத்தில்தான் அந்த லாக்கைப் பிரித்துத் திரும்பக் கட்டினார்கள்.

அங்கே இன்னொரு சிக்கல். டீ என்ற ஆற்றிலிருந்து எடுக்கும் தண்ணீர் அந்தக் கால்வாய் வழியாகவே ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்கு வருகிறது, குடிநீராகப் போகிறது. லாக்கைக் காயவைக்கலாம், கால்வாயைக் காயவைக்க முடியாது. அந்த முட்டுச்சந்தின் ஒரே கதவைக் கோடையில் மூடியிருந்தால், உள்ளே போன விடுமுறைப் படகுகள் உள்ளேயே, வெளியே இருந்தவை வெளியேயே. தள்ளிப்போட்டது தவறு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. நகர்ந்துகொண்டிருந்தது சில அங்குலம், அதுவும் பல ஆண்டுகளில்.

இனி இருக்கும் நான்கு வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழி, உடனே மூடுவது. அதில் ஆணி அடிக்கும் நேரம் குறைவுதான். நாள் போவது ஏற்பாட்டில். லாக்கின் இரண்டு முனையிலும் சுவர்க் காடிகளில் தடுப்புப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்க வேண்டும். இடுக்குகளை அடைத்து, பம்பு வைத்துத் தண்ணீரை இறைக்க வேண்டும். அதற்கு முன் உள்ளே இருக்கும் மீன்களைப் பிடித்து வேறு பக்கம் விட வேண்டும். பல லாக்குகள் பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடங்கள் என்பதால் சுவரில் கைவைக்க அனுமதி தேவை. சிமென்ட் பூசிவிட்டுப் போக முடியாது, சுண்ணாம்புச் சாந்து கேட்பார்கள். புதுக் கதவே வேண்டும் என்றால் அது கடையில் கிடைக்கும் சாமான் இல்லை. ஒரு லாக்கின் அளவு அடுத்த லாக்குக்குப் பொருந்தாது. இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களைப் பார்த்துக்கொள்ளும் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட் தன் கதவுகளை ஸ்டான்லி ஃபெர்ரி, பிராட்லி பட்டறைகளில் ஒவ்வொன்றாக அளவெடுத்துச் செய்கிறது. கதவு தயாராக இல்லாமல் ஜூன் மாதம் லாக்கைப் பிரித்துப்போட்டால், ஆகஸ்ட் வரை காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். உடனே மூடு என்று கத்துபவர்கள் இந்த இடத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இரண்டாவது வழி, கட்டுப்பாட்டோடு ஓட்டுவது. காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம், பணியாளர் ஒருவர் நின்று கதவை இயக்குவார், படகுக்காரர் தொடக்கூடாது. ஏறும் படகுக்குப் பின் இறங்கும் படகு என்று மாற்றி மாற்றி விட்டால் ஒரு தொட்டித் தண்ணீரில் இரண்டு படகு போகும். அகலமான லாக் என்றால் இரண்டு இரண்டாகச் சேர்த்து அனுப்பலாம். வரிசை நீளும், எரிச்சல் வரும், ஆனாலும் படகு நகரும். கையோடு அளவெடுத்து, பட்டறையில் கதவு தயாராகி, நவம்பரிலிருந்து மார்ச் வரை நடக்கும் குளிர்கால வேலைப் பட்டியலில் அந்த லாக்கைச் சேர்த்துவிடலாம். இந்த வழியின் குறை வெளிப்படையானது. ஒட்டு எப்போது பிரியும் என்று யாருக்கும் தெரியாது. ஆகஸ்ட் மாதம் ஞாயிற்றுக்கிழமை பிரிந்தால், உடனே மூடியிருந்தால் பட்டிருக்க வேண்டியதைவிட இரு மடங்கு பட வேண்டும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்ற நிலை.

மூன்றாவது ஒன்று உண்டு, அவ்வளவாகப் பேசப்படாதது. முதலில் சிக்கியவர்களை வெளியேற்றிவிட்டு அப்புறம் வேலையில் இறங்குவது. ஜெர்மனியில் மோசெல் ஆற்றின் மூடன் லாக்கில் 2024 டிசம்பர் 8 அன்று ஒரு சரக்குக் கப்பல் கீழ்க்கதவில் மோதி அதை நாசமாக்கியது. மேலே சுமார் 70 கப்பல்கள் சிக்கின. அந்த லாக்குக்கு ஒரே தொட்டி. சுற்றிப் போக வேறு ஆறும் கிடையாது. அங்கே செய்தது இதுதான்: உடைந்த கதவு இருந்த இடத்தில் கிரேனால் தடுப்புச் சட்டங்களை இறக்கித் தற்காலிகக் கதவாக வைத்துக்கொண்டார்கள். தொட்டியை நிரப்பிக் கப்பலை உள்ளே விட்டு, தண்ணீரை வடித்து, சட்டங்களைத் திரும்பத் தூக்கி, கப்பலை வெளியே விட்டார்கள். ஒவ்வொரு முறைக்கும் மணிக்கணக்கு. ஆமை வேகம்தான், ஆனால் சிக்கியவர்கள் சில வாரங்களில் ரைன் ஆற்றுப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். மார்ச் வரை ஆகும் என்று முதலில் சொன்ன பழுதுவேலை முன்கூட்டியே முடிந்து, 2025 பிப்ரவரி 1 அன்று லாக் திறந்தது.

சின்னக் கால்வாய்களில் இதைச் செய்ய முடியுமா? கிரேன் நிற்கப் பாதை இருந்தால் முடியும். பல லாக்குகள் வயல் நடுவே கிடக்கின்றன, கிரேன் வரச் சாலையே இல்லை. மேலும் ஒரு விடுமுறைப் படகை நகர்த்த அரை நாள் கிரேன் வாடகை கட்டுபடியாகாது. ஆனாலும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. கதவு முழுவதும் பலகீனமாவதற்கு முன், இரண்டு நாள் அவகாசம் அறிவித்து, "போகிறவர்கள் போய்விடுங்கள்" என்று பணியாளர் வைத்துக் கடத்திவிட்டு மூடுவது. பாதிப் புகார் அதிலேயே தீரும்.

நான்காவது வழி, பழுதான லாக்கோடு அக்கம்பக்கத்து லாக்குகளையும் ஒரே நேரத்தில் மூடுவது. கேட்க மடத்தனமாக இருக்கும். அமெரிக்காவில் இல்லினாய் நீர்வழியில் 2020 கோடையில் ஜூலை முதல் அக்டோபர் வரை பல லாக்குகளை ஒன்றாக மூடினார்கள். ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொன்றாக மூடினால் ஒவ்வொரு ஆண்டும் போக்குவரத்து அறுபடும். ஒரே அடியாக மூடினால் ஒரு முறைதான் அறுபடும். தானியம் ஏற்றும் வியாபாரிகளுக்கு நீண்ட நாள் முன்பே தேதி தெரிந்திருந்ததால் ரயிலுக்கும் லாரிக்கும் மாற்றிக்கொள்ள முடிந்தது. ஏறுமுகமாகப் பத்துப் பதினைந்து லாக் வரிசையாக வரும் கால்வாய்ப் படிக்கட்டில் இதே தர்க்கம் இன்னும் பொருந்தும். நடுவில் ஒன்று மூடினாலே மற்றவை சும்மாதான் கிடக்கப் போகின்றன, அவற்றின் ஒழுகலையும் அப்போதே பார்த்துவிடலாம்.

படகுக்காரர்கள் எல்லோரும் ஒரே இனம் இல்லை, இழப்பும் ஒன்றில்லை. ஒரு வாரத்துக்கு வாடகைப் படகு எடுத்தவருக்கு மூன்று நாள் மூடல் என்பது பாதி விடுமுறை. ஆனால் அவர் திரும்பி வேறு பக்கம் போனால் வாரம் தப்பிக்கும். சொந்தப் படகு வைத்து வார இறுதியில் வருபவருக்கு எரிச்சல் மட்டும்தான். படகிலேயே குடியிருப்பவர் கதை தனி. நிலையான நிறுத்துமிடம் இல்லாத படகுகள் ஒரே இடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக்கூடாது என்று 1995-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டம் சொல்கிறது. சூழ்நிலைக்கு நியாயமான கூடுதல் நாளையும் அதே சட்டம் அனுமதிக்கிறது. லாக் மூடிக் கிடப்பது அப்படியொரு சூழ்நிலைதான். ஆனால் வேலைக்கும் பள்ளிக்கும் அடுத்த ஊருக்கு நகர வேண்டியவருக்கு இந்தச் சலுகையால் என்ன பயன்? குடிநீர்க் குழாய் லாக்குக்கு அந்தப் பக்கம் இருந்தால் இந்தப் பக்கம் அவர் என்ன செய்வார்? கழிவறைத் தொட்டியைக் காலிசெய்யும் இடமும் அந்தப் பக்கம் என்றால் பேச்சே இல்லை.

இவர்கள் எல்லோரும் ஒத்துப்போகும் ஒரே விஷயம், தேதி. எட்டு வாரம் மூடல் என்று ஜனவரியிலேயே சொல்லிவிட்டால் திட்டத்தை மாற்றிக்கொள்வார்கள். "இன்னும் சில நாள்" என்று வாராவாரம் நீட்டிக்கொண்டே போகும் பத்து நாள் மூடல் அவர்களை நாசமாக்கும். திரும்பிப் போவதா, காத்திருப்பதா என்று தெரியாமல் நிற்கும் நாள்தான் அவர்களுக்கு உண்மையான நஷ்டம்.

அதனால் என் முடிவு இப்படி வருகிறது. குடுமி கழன்றதா, அன்றே மூடி, இரண்டு நாளில் முடித்து, திறக்கும் நாளை முதல் நாளே அறிவிக்கலாம். வாசற்படியா, கோடையோ குளிரோ மூடித்தான் ஆக வேண்டும். புகாரை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். கதவு ஒழுகலா, மேலே தண்ணீர் இருக்கும்வரை கட்டுப்பாட்டோடு ஓட்டி, புதுக் கதவு பட்டறையில் முடிந்த பிறகு குளிர்காலத்தில் மாட்டலாம். இதற்கு ஒரு நிபந்தனை: நீர்மட்டம் எந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் மூடுவோம் என்று முன்பே அறிவித்துவிட வேண்டும். மெதுவாகச் சாயும் சுவரா, அளந்துகொண்டே இருந்து ஒரு குளிர்காலத்தைக் குறித்துக்கொள்ளலாம்.

புதுக் கதவு என்றதும் "ஏன் இன்னும் மரம், இரும்பு போடலாமே" என்ற கேள்வி வரும். பெரிய ஆறுகளில் எஃகுதான். சின்ன லாக்கில் நான் மரத்தின் பக்கம். ஓக் தண்ணீரில் ஊறி உப்பித் தானே இடுக்கை அடைத்துக்கொள்ளும். படகு இடித்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். எஃகு வளைந்தால் வளைந்ததுதான், விளிம்பு மறுபடி பொருந்தாது. துருவையும் பார்க்க வேண்டும்.

கடைசியாக, முடிவு எடுக்கும் இடத்தில் இல்லாத படகுக்காரருக்கும் ஒரு தேர்வு இருக்கிறது: மூடும் நாளில் லாக்குக்கு எந்தப் பக்கம் நிற்பது. பலரும் ஊர் இருக்கும் பக்கத்தைப் பிடிக்கப் பார்ப்பார்கள். அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, படகைத் திருப்ப அகலமாக விட்டிருக்கும் இடம் எந்தப் பக்கம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது. இருபது மீட்டர் படகைக் குறுகிய கால்வாயில் நினைத்த இடத்தில் திருப்ப முடியாது, பின்பக்கமாக ஓட்டினால் சுக்கான் பேச்சுக் கேட்காது. திருப்புமிடம் மூன்று கிலோமீட்டர் பின்னால் இருக்கிறது என்று லாக் வாசலில் போய் நின்ற பிறகு தெரிந்தால், கழியால் கரையை உந்தி உந்தி அந்த மூன்று கிலோமீட்டரும் பின்னோக்கி வர வேண்டும். வரைபடத்தில் அந்த இடத்தையும், அதற்கு முன்னால் ஒரு தண்ணீர்க் குழாயையும் பார்த்து வைத்துக்கொண்டு, அங்கேயே கயிற்றைக் கட்டிவிடுவது நல்லது.